நண்டு நடைக்கு இரண்டு ஹாரன்

உங்கள் நாற்காலிக்குச் சக்கரம் இருக்கிறது, ஐயா. ஐந்து கால், ஐந்திலும் சின்னச் சக்கரம், ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குத் திரும்புகிறது. நான் உள்ளே வந்ததிலிருந்து நீங்கள் அலமாரிப் பக்கம் ஒரு தடவை, ஜன்னல் பக்கம் ஒரு தடவை, எழுந்திருக்காமலே போய்வந்துவிட்டீர்கள். வழவழப்பான தரைக்கு அது போதும். மேடுபள்ளத்தில் விட்டால் முதல் கல்லிலேயே கவிழும். குறை சொல்வதாக நினைக்காதீர்கள். பத்தொன்பது வருஷம் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து பிழைத்தவனுக்குக் கண் தானாக அங்கேதான் போகும்.

நான் வந்த காரியம் சின்னது. நீங்கள் விசாரித்து எழுதிய விபத்து அறிக்கையின் நகல் நேற்று என் கைக்கு வந்தது. அதில் தவறு இருக்கிறது. அதைத் திருத்திவிட்டால் போதும். அதற்குப் பிறகு நீங்கள் எங்கே போகச் சொல்கிறீர்களோ அங்கே போகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிடங்குகளில் சிமெண்ட் தரையில் ஓடுகிற ஃபோர்க்லிஃப்ட் அல்ல இது. சேறு, ஜல்லி, சரிவு இவற்றுக்கென்றே செய்தது. சக்கரம் ஆள் மார்பு உயரம் வரும். வலப்பக்கத்தில் பூம் என்கிற நீளமான இரும்புக் கை, அதன் நுனியில் சுமை தூக்கும் இரண்டு முள். ஓட்டுபவன் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பான். பின் அச்சு தராசுத் தண்டு மாதிரி ஆடிக்கொடுக்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் மற்ற மூன்றும் மண்ணை விடாது. சரிவில் நிற்கும்போது ஒரு கைப்பிடியை அழுத்தினால் உடம்பை மட்டும் இடமோ வலமோ சாய்த்துக்கொள்ளும். கீழே தரை கோணலாக இருந்தாலும் மேலே சுமை நிமிர்ந்து நிற்கும். நல்ல மனுஷன் மாதிரி என்று எங்கள் கிரேன்காரர் சொல்வார்.

அதைவிட முக்கியம் அது திரும்புகிற விதம். மூன்று விதமாகத் திரும்பும். முதலாவதில் முன் சக்கரங்கள் மட்டும் திரும்பும், கார் மாதிரி. இரண்டாவதை நாங்கள் வட்டம் என்போம். முன் சக்கரங்கள் இடப்பக்கம் திரும்பினால் பின் சக்கரங்கள் வலப்பக்கம் திரும்பும். நாய் தன் வாலைத் துரத்துகிற மாதிரி சின்ன இடத்திலேயே வண்டி சுற்றிவிடும். மூன்றாவது நண்டு. நான்கு சக்கரமும் ஒரே பக்கம் சாயும். வண்டி முகத்தைத் திருப்பாமலே பக்கவாட்டில் நகரும்.

இந்த மூன்றையும் மாற்றுவது என் முழங்கை அருகில் இருக்கும் ஒரு திருகு. மாற்றுவதற்கு முன் நான்கு சக்கரத்தையும் நேராக்க வேண்டும். மாற்றிய பிறகு எது என்று காட்ட எனக்கு முன்னால் சின்ன விளக்கு எரியும். வெளியே நிற்பவருக்கு அந்த விளக்கு தெரியாது. அவர் முன் சக்கரத்தைப் பார்ப்பார். வட்டமானாலும் நண்டானாலும் முன் சக்கரம் ஒரே மாதிரிதான் திரும்பும். வித்தியாசமெல்லாம் பின்னால்தான். அதனால்தான் எங்கள் சைட்டில் ஒரு பழக்கம் உண்டு. நண்டுக்கு மாற்றினால் இரண்டு ஹாரன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பழக்கம் அது. ஒன்பது வருஷத்துக்கு முன் ஒருவர் பாதம் மயிரிழையில் தப்பியது. மறுநாளிலிருந்து நான்தான் அதை ஏற்படுத்தினேன். இரண்டு ஹாரன் கேட்டால் கல் சுமப்பவர்கூடக் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நகர்ந்துகொள்வார். கேட்கவில்லையென்றால் வண்டி நண்டாகப் போகாது என்று எல்லோரும் நம்பி நிற்பார்கள்.

இப்போது மாப்பிள்ளையைப் பற்றி. என் தங்கையின் கணவர். எனக்குக் கை காட்டுகிற வேலை அவருக்கு. தூக்கிய சுமை ஓட்டுபவனின் பார்வையை மறைத்துவிடும். வெளியே நிற்பவர் கைதான் அவனுக்குப் பாதிக் கண். ஏழு வருஷம் அவர் கையைப் பார்த்துத்தான் நான் ஓட்டினேன். அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சந்தேகம் ஒரே நாளில் வரவில்லை. முதலில் அவர் நிற்கும் இடம் மாறியது. எப்போதும் வலது முன்புறம், பதினைந்தடி தள்ளி நின்று மணிக்கட்டை மட்டும் அசைப்பார். அது போதும் எங்களுக்கு. இந்த வருஷம் மழைக்கு முன்னால் ஒருநாள் பார்க்கிறேன், இடப்பக்கம் வந்து நிற்கிறார். மறுநாளும் இடப்பக்கம். அப்புறம் கிட்டே வந்தார். மணிக்கட்டு போய் முழுக்கை வந்தது. பிறகு இரண்டு கையும் வந்தது. புதிதாக ஒரு மேல்சட்டை வாங்கி மாட்டிக்கொண்டார், பார்த்தால் கண் கூசுகிற ஆரஞ்சு. பள்ளங்களின் விளிம்பில் யாரும் சொல்லாமல் சுண்ணாம்பு கரைத்து ஊற்றினார்.

சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்.

"என்ன மாப்பிள்ளை, இப்பல்லாம் ரொம்ப ஆட்டுறீங்க?"

"வயசாகுது மச்சான். ஆட்டலேன்னா தோள் பிடிச்சுக்குது."

கிரேன்காரர் சும்மா இருப்பாரா. "நாலு ரோடு கூடுற இடத்துல நிக்கிற போலீஸ்காரர்கூட இவ்வளவு ஆட்ட மாட்டாருப்பா. மேல இருந்து பார்த்தா ஏதோ விமானத்தை இறக்குற மாதிரி இருக்கு."

"இறக்கினாலும் உன் தலையிலதான் இறக்குவேன், பேசாம சாப்பிடு" என்றார் மாப்பிள்ளை.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார், குறிப்பாக வலப்பக்கத்தை. அதை நான் கவனித்தேன்.

என் வலது கண்ணில் அப்போது சின்ன மங்கல் இருந்தது. தூசி வேலையில் அது யாருக்கும் வரும். ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் நடுவில் மட்டும் புகை மாதிரி. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் அந்தப் புகை எனக்கே தெரியாது. வேலைக்கு இடைஞ்சலாக இல்லை. எங்கள் வேலையில் வருஷத்துக்கு ஒரு தடவை கண் பார்ப்பார்கள். பதினோரு வருஷமாக ஒரே எழுத்துப் பலகைதான் மாட்டியிருந்தார்கள். கடைசி வரி எனக்குத் தூக்கத்திலும் வரும். ஆபரேட்டர்களில் பாதிப்பேருக்கு அது மனப்பாடம். இதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

இந்த வருஷம் சூப்பர்வைசர் அறைக்கு வெளியே ஒரு தாள் ஒட்டினார்கள். பலகை கிடையாது, புதுக் கருவிக்குள் தலையை வைத்துப் பார்க்க வேண்டும், அடுத்த மாதம் முதல் வாரம் என்று. அந்தத் தாள் ஒட்டியதற்கு நான்கு நாள் முன்னால் மாப்பிள்ளை அதே அறைக்குள்ளிருந்து வெளியே வந்ததை நான் பார்த்திருந்தேன். நான் படியில் ஏறியதும் உள்ளே பேச்சு நின்றுபோனது. சூப்பர்வைசர் மேசைமேல் இல்லாத காகிதத்தைத் தேடினார். மாப்பிள்ளை "டீ குடிக்கலாமா மச்சான்" என்றார்.

இரண்டையும் சேர்த்து வைக்காமல் இருக்க முடியுமா?

அதற்குப் பிறகு எல்லாமே சேர்ந்துகொண்டது. விடுமுறை நாளில் தங்கை வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை எதிர் நாற்காலியிலிருந்து செய்தித்தாளை நீட்டி, "இது என்ன போட்டிருக்கான் பாருங்க மச்சான்" என்பார். அவர் எழுத்துக்கூட்டாமல் படிக்கிறவர். எனக்கு எதற்கு நீட்ட வேண்டும்? தங்கை வேறு, துணி மடித்துக்கொண்டே, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "அண்ணா, ஒரு தடவை கண்ணைக் காட்டிட்டு வாயேன். நானும் கூட வரேன்" என்றாள். அவளுக்கு அதெல்லாம் தானாகத் தோன்றாது. அவள் வாயில் வந்தது அவர் சொல். அவர் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு இடத்திலும் வேலை முடிந்ததும் எதையோ குறித்துக்கொள்வார். நான் பார்த்தால் பையில் போட்டுவிடுவார். ஒருநாள் கேட்டேன்.

"என்ன எழுதறீங்க?"

"ஒண்ணுமில்ல மச்சான், மறந்துபோயிடுது."

என்ன மறந்துபோகிறது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அவர் கை காட்டினார், நான் ஓட்டினேன்.

நீங்கள் கேட்கலாம், கண் போனால் என்ன, கிடங்கில் வேறு வேலை பார்க்கலாமே என்று. பார்க்கலாம். ஆனால் நான் அந்த வண்டிக் கூண்டில் ஏறி உட்காரும்போது ஒரு ஆள். இறங்கினால் செருப்பைத் தேடுகிற இன்னொரு ஆள். வீட்டில் எனக்கு யாரும் இல்லை. சைட்டில் நான்கு மாடி உயரத்தில் ஜன்னல் சட்டத்தை இரண்டு விரல் இடைவெளியில் நான் இறக்கிவைத்தால் கீழே பத்துப் பேர் மூச்சை விடுவார்கள். அந்த மூச்சுச் சத்தத்துக்காகத்தான் நான் காலையில் எழுந்தேன் என்று சொன்னால் உங்களுக்குப் புரியுமோ என்னவோ. அதை ஒருவர் நோட்டில் வரிவரியாக எழுதி என்னிடமிருந்து எடுக்கப் பார்க்கிறார். எடுக்கிறவர் வெளியாள் என்றால் சண்டை போடலாம். மாப்பிள்ளை என்றால் தங்கை இருக்கிறாள். சண்டை போட முடியாது. அவர் இல்லாமல் இருப்பதுதான் ஒரே வழியாக எனக்குப் பட்டது. நான் இதை அவசரத்தில் யோசிக்கவில்லை. மூன்று வாரம் யோசித்தேன்.

மாப்பிள்ளைக்கு மூன்றாவது கட்டடத்துக்குப் பின்னால் நிற்கும் இடம் ஒன்று உண்டு. மண் சரியாமல் இருக்க அங்கே ஒரு தடுப்புச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். சுவருக்கும் வண்டிக்கும் நடுவே மூன்றடி, நாலடி சந்து. அதில், இடது பின் சக்கரத்துக்கு நேராக நிற்பார். வண்டி வட்டத்தில் இடப்பக்கம் திரும்பினால் முன்பகுதி இடம் போகும், வால் அவரை விட்டு வலப்பக்கம் விலகும். அதனால் அது பத்திரமான இடம். நானே அங்கே நின்றிருப்பேன்.

சனிக்கிழமை தினச் சோதனைத் தாளில், 'திருப்பும் முறை காட்டும் விளக்கு சில நேரம் எரிவதில்லை' என்று எழுதினேன். அது பொய். திங்கட்கிழமை மெக்கானிக் இரண்டு மணி நேரம் குனிந்து கிடந்து பார்த்தார்.

"அண்ணே, விளக்கு நல்லாத்தான் எரியுது. எதுக்கும் வயரை மாத்திப் போட்டிருக்கேன்."

"சரிப்பா. நீ பார்த்தா சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்துத்தான் எனக்கு வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, பத்து மணி இருக்கும். முந்தின நாள் பெய்த மழையில் மண் ஊறியிருந்தது. முள்ளில் ஒரு அடுக்குச் செங்கல். வண்டி சரிவில் நின்றது. உடம்பைச் சாய்த்து சுமையை நேராக்கினேன். மாப்பிள்ளை சந்துக்குள் போய் நின்றுகொண்டு குரல் கொடுத்தார்.

"மச்சான், நான் இங்க நிக்கறேன். கண்ணாடில தெரியறேனா?"

"தெரியறீங்க" என்றேன்.

நான்கு சக்கரத்தையும் நேராக்கினேன். திருகை நண்டுக்கு வைத்தேன். விளக்கு எரிந்தது. எந்தப் பழுதும் இல்லாமல் பளிச்சென்று எரிந்தது. ஹாரனில் கை வைக்கவில்லை. ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினேன். முன் சக்கரம் இடப்பக்கம் சாய்வதை அவர் பார்த்தார். வட்டம் என்று நினைத்து 'வா, வா' என்று கை காட்டினார். அவருக்குப் பக்கத்தில் பின் சக்கரமும் இடப்பக்கம் சாய்ந்தது. அதை அவர் பார்க்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது கண்ணாடியில் என் முகத்தை.

வண்டி நடக்கிற வேகத்தில்தான் போனது. ஐந்தாறு விநாடி இருக்கும். இடையில் நிறுத்தியிருக்க முடியுமா என்று போன வாரம் உங்கள் உதவியாளர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. முடியும். பிரேக் நன்றாக இருந்தது. வண்டி தன் பக்கம் வருகிறது என்று அவருக்குத் தெரிந்ததும் ஓடவில்லை. ஓடியிருந்தால் ஒருவேளை தப்பியிருப்பார், பின்பக்கம் சந்து திறந்துதான் இருந்தது. அவர் நின்ற இடத்திலேயே நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பெரிதாக ஆட்டினார். "மச்சான், இங்க இருக்கேன், இங்க இருக்கேன்" என்றார். எனக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு திருகை வட்டத்துக்கு மாற்றி வண்டியை விலக்கினேன். ஆட்கள் ஓடிவந்தபோது, "விளக்கு எரியலை, வட்டத்துல இருக்குன்னு நெனச்சேன்" என்றேன். சோதனைத் தாள் இருந்தது. எல்லோரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

அறிக்கையில் இருந்த முதல் தவறு அதுதான். அந்த வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. மெக்கானிக்கின் கையிலும் குறை இல்லை. ஒரு நல்ல வேலைக்காரர் என்னால் வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்றுதான் நான் இங்கே வந்தேன்.

ஆமாம், தெரியும். மெக்கானிக்கை முந்தாநாளே வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டுவிட்டீர்கள் என்று தெரியும். பன்னிரண்டு நாள் அவர் வீட்டில் இருந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை என்பதும் உண்மைதான். அது வேறு விஷயம்.

நீங்கள் அந்த நோட்டை மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். தங்கை கொடுத்ததாகச் சொன்னீர்கள். அதில் எழுதியிருப்பதை நேற்று உங்கள் உதவியாளர் எனக்குப் படித்துக் காட்டினார். 'மூணாவது கட்டடம், பின்பக்கம்: இடது பின் சக்கரம் நேரே, கண்ணாடியில் படுற மாதிரி. வலது பக்கம் கூடவே கூடாது. மச்சானுக்குத் தெரியாது.' பக்கம் பக்கமாக அப்படித்தான். எங்கே நின்றால் எனக்குத் தெரியும், எங்கே நின்றால் தெரியாது என்று. சூப்பர்வைசரும் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை அவரிடம் கேட்டது எனக்கு இரண்டு வாரம் லீவு, காரணம் எழுதாமல். கண் ஆபரேஷன் முடிந்து நான் அதே வண்டிக்குத் திரும்பிவர வேண்டும், யாருக்கும் தெரியக்கூடாது என்று. புதுக் கருவிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, அது எல்லா சைட்டுக்கும் வந்த உத்தரவு.

அதையெல்லாம் கேட்டேன். நேற்று இரவு முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தோன்றியது இதுதான்: எழுதிவைத்த நோட்டு யார் கைக்கும் போகலாம். இதோ, உங்கள் கைக்கு வந்துவிட்டது. நான் பயந்ததில் தப்பில்லையே.

என்னை இங்கே வரவைத்தது நோட்டு இல்லை. தங்கை.

எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் சுவரோரம் உட்கார்ந்தேன். குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, அவரைத் தவிர யாருக்கும் அதை நிறுத்தத் தெரியாது போலிருக்கிறது. கடைசியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத. உனக்குக் கண்ணு தெரிஞ்சிருக்காது. அவரே சொல்லிட்டுத்தான் இருந்தாரு, மச்சானுக்குக் கண்ணு தெரியல, சொன்னா உடைஞ்சுபோயிடுவாருன்னு. உன்மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல."

அவள் அழவில்லை. நான் சமாதானம் அடைவேன் என்று எதிர்பார்த்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அதையே இப்போது நீங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். முதல் பக்கத்தில் வண்டிக் கோளாறை அடித்துவிட்டு, மூன்றாம் பக்கத்தில், விபத்துக்குப் பிறகு என் கண்ணைச் சோதித்த மருத்துவர் பெயரில் புதுப் பத்தி. 'ஆபரேட்டருக்கு வலது கண்ணில் பார்வை ஏறக்குறைய இல்லை. இடது கண்ணிலும் குறைவு. எனவே கைகாட்டுபவர் நின்றிருந்ததை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. வேண்டுமென்று செய்ததல்ல.' சற்று முன் நீங்களும் அதைத்தான் நல்ல மனதோடு சொன்னீர்கள். இந்தப் பத்தி இருந்தால் உனக்குப் பெரிய தண்டனை இல்லை, பேசாமல் வீட்டுக்குப் போ, நடந்ததைக் குழப்பிக்கொண்டு ஏதேதோ சொல்லாதே என்றீர்கள். நான் குழப்பிக்கொள்ளவில்லை. அந்தப் பத்தியை அடித்துவிடுங்கள். நாளைக்கு சைட்டில் அதை எல்லோரும் படிப்பார்கள். கிரேன்காரர் படிப்பார். குருட்டுப்பயல் இத்தனை நாளும் நம் தலைக்கு மேல் சுமையைத் தூக்கியிருக்கிறான் என்பார்கள். நான் வேறு என்னவாக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகிறேன்.

அதற்குப் பதிலாக இதை எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். எங்கே என்று விரலை வைத்துக் காட்டினால் போதும். கைகாட்டுபவர் இடப்பக்கம், பின் சக்கரத்துக்கு நேராக, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நின்றார். ஆரஞ்சு மேல்சட்டை. தொப்பியின் வார் தாடையில் இறுக்கியிருந்தது. வலது கையுறையில் கட்டைவிரல் பக்கம் கிழிசல். இரண்டு நாளாக ஷவரம் செய்யாத முகம். கையை ஆட்டும்போது அந்த முகத்தில் பயம் இல்லை, என்னைக் காப்பாற்றுகிற அவசரம் மாதிரி ஒன்றுதான் இருந்தது. நான் நண்டுக்கு மாற்றினேன், ஹாரன் அடிக்கவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டே வண்டியை அவர்மேல் நகர்த்தினேன், சுவர் வரைக்கும். அவர் நின்ற இடத்தில் அவர் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தார், ஐயா. கண் தெரியாதவனுக்கு அப்படித் தெரியுமா?